பொறுமை இருக்கிறது, பொழுதுதான் இல்லை

தெரபி சென்டர் என்று பெயர்ப்பலகை தாங்கிய ஏதேனும் ஒரு கட்டடத்தின் முன்கூடத்தில், அது சென்னை அண்ணா நகரில் இருந்தாலும் சரி, திருச்சி தில்லைநகரில் இருந்தாலும் சரி, மாலை நான்கு மணிக்குமேல் சிறிது நேரம் உட்கார்ந்து கவனிப்பவருக்கு, நமது காலத்துக் குடும்ப வாழ்க்கையின் ஒரு பகுதி எந்தப் புள்ளிவிவரமும் காட்ட முடியாத தெளிவோடு விளங்கிவிடும். உள்ளே குழந்தை பேச்சுப் பயிற்சியில் இருக்கிறது. வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில், மடிக்கணினியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, அலுவலக மீட்டிங்கைக் காதில் வாங்கியவண்ணம், தன் முறை வரும்போது மட்டும் மியூட்டை எடுத்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல நிதானமான குரலில் இரண்டு வாக்கியம் பேசி முடிக்கிறாள் ஒரு தாய். அவளுக்குப் பக்கத்தில் பள்ளி ஆசிரியை ஒருத்தி விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பாள். சற்றுத் தள்ளி, அரைநாள் கூலியை விட்டுக்கொடுத்து வந்த கொத்தனார் ஒருவர் சுவரில் சாய்ந்தபடி தூங்கிவிட்டிருப்பார். மூவருக்கும் அது ஓய்வு நேரமில்லை. ஆயினும் அன்றைய தினத்தில் அவர்களுக்கு உட்காரக் கிடைத்த நேரம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

இவர்களைச் சந்திக்கும் உறவினரும் அண்டை வீட்டாரும் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. "பகவான் உன்னை மாதிரி பொறுமைசாலியிடம்தான் இப்படிப்பட்ட குழந்தையை ஒப்படைப்பான்" என்பார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதுதான். எனினும் அந்த வார்த்தையில், சொல்லுகிறவருக்கு ஒரு விடுதலை ஒளிந்திருப்பதை யோசித்துப் பார்க்கவேண்டும். அவளுக்குப் பொறுமை என்ற தெய்வ சகாயம் ஏற்கெனவே கிடைத்துவிட்டபடியால், சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் அந்தக் குழந்தையை நாம் பார்த்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லாமற் போய்விடுகிறது. தோளிலிருக்கும் மூட்டையில் ஒரு கை கொடுக்காமல், கழுத்தில் ஒரு மாலையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது போன்றது இந்தப் பாராட்டு.

சிறப்புக் குழந்தைகளை வளர்த்துக்கொண்டே உத்தியோகமும் பார்க்கிறவர்களின் மன அழுத்தத்தைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவை, அந்த அழுத்தத்தை அவர்களுடைய மனத்துக்குள்ளேயே தேடி, அங்கேயே பரிகாரமும் சொல்லி முடிக்கின்றன. என்னுடைய அபிப்பிராயம் வேறு. இவர்களிடம் குறைந்திருப்பது மனோதைரியம் அன்று. ஒரு நாளின் மணிகள். அந்த மணிகளை யார் யார் எடுத்துக்கொள்கிறார்கள், யார் திருப்பிக் கொடுக்கக்கூடும் என்று பார்க்கத் தொடங்கினால், இதைத் தனிப்பட்டவர்களின் மனோவியாதியாகப் பேசுவது எவ்வளவு அநியாயம் என்பது புலப்படும்.

ஒரு சாதாரண வார நாளையே எடுத்துக்கொள்வோம். ஆட்டிசமோ, செரிப்ரல் பால்சியோ, டவுன் சிண்ட்ரோமோ, எதுவாயினும், குழந்தைக்கு வாரத்தில் சில தினங்கள் ஆக்குபேஷனல் தெரபி, சில தினங்கள் ஸ்பீச், சிலருக்குப் பிசியோதெரபி, அதற்குமேல் ஸ்பெஷல் எஜுகேட்டர் என்று ஏற்பாடுகள் இருக்கும். இந்தச் சேவைகளைத் தருகிறவர்களும் உத்தியோகஸ்தர்களே ஆகையால், அவர்களுடைய வேலை நேரமும் பெற்றோரின் வேலை நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. அங்கே கற்பித்ததை வீட்டிலும் செய்தால்தான் பலன் என்று சொல்லி ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார்கள். ஹோம் புரோகிராம் என்று அதற்குப் பெயர். பட்டன் போடப் பழக்குவது, கரண்டி பிடிக்கப் பழக்குவது, படங்களைக் காட்டி அடுத்து நடக்கப்போவதைச் சொல்லுவது என்று சிறுசிறு காரியங்களாகத் தோன்றும் அந்தத் தாளை முழுவதும் நிறைவேற்றுவதற்கு, அலுவலகம் முடிந்து வந்தபின் சமையலுக்கும் மற்றொரு குழந்தையின் வீட்டுப்பாடத்துக்கும் இடையே எந்தப் பொழுது மீதியிருக்கிறது என்பதை எழுதிக் கொடுக்கிறவர் கேட்பதில்லை. இதற்கிடையில் பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வரும். "இன்றைக்குக் கொஞ்சம் ரெஸ்ட்லெஸ்ஸாக இருக்கிறான், சீக்கிரம் வந்து அழைத்துப் போக முடியுமா?" என்று கேட்கப்படும் அந்தக் கேள்வி கேள்வியே அன்று, உத்தரவு. வகுப்பில் குழந்தையின் கூடவே இருந்து உதவும் ஷேடோ டீச்சர் வரவில்லையென்றால் குழந்தையும் வரவேண்டாம் என்று சொல்லும் பள்ளிகள் உண்டு. இரவிலாவது நிம்மதியுண்டா என்றால், ஆட்டிசக் குழந்தைகளில் கணிசமானோருக்குத் தூக்கம் ஒழுங்காக அமைவதில்லை; குழந்தை விழித்திருக்கும் வீட்டில் ஒருவராவது விழித்திருந்தே தீரவேண்டும்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் சர்வகலாசாலையைச் சேர்ந்த மார்ஷா மைலிக் செல்ட்சரும் அவருடைய சகாக்களும் 2010ஆம் ஆண்டையொட்டி வெளியிட்ட ஆய்வுகள் இதை அளந்தே காட்டியிருக்கின்றன. ஆட்டிசம் உள்ள வளர்ந்த பிள்ளைகளின் தாய்மார்களிடம், எட்டு நாட்கள் தொடர்ந்து, அன்றன்று நடந்ததைக் கேட்டுப் பதிவு செய்தார்கள். இத்தாய்மார்கள் மற்றவர்களைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பிள்ளைப் பராமரிப்பில் செலவிட்டார்கள். உத்தியோக நேரத்தில் அடிக்கடி இடையூறுக்கு உள்ளானார்கள். உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற அழுத்தச் சுரப்பின் அளவைப் பார்த்தபோது, அது உயர்ந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு மாறாகத் தாழ்ந்திருந்தது. நெடுங்காலம் அபாயத்தை எதிர்பார்த்தே வாழ்ந்து களைத்துப்போன சரீரத்தின் லட்சணம் அது என்றும், போர்முனைச் சிப்பாய்களிடம் காணப்படுவது என்றும் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். செய்தித்தாள்கள் அந்தச் சிப்பாய் உவமானத்தை மட்டும் பிடித்துக்கொண்டன. அதே ஆய்வில் மற்றொரு விஷயமும் இருந்தது: சந்தோஷமான அனுபவங்களிலும், பிறருக்கு ஒத்தாசை செய்வதிலும், இத்தாய்மார்கள் மற்றத் தாய்மார்களுக்குக் குறைந்தவர்களாக இருக்கவில்லை. இந்தப் பாதியை விட்டுவிட்டு முதற்பாதியை மட்டும் சொல்லுவது அந்தக் குழந்தைகளுக்குச் செய்யும் துரோகம் என்றே நான் கருதுகிறேன்.

இதற்கு முன்பே, 2004இல், எலிசா எப்பெல் என்பவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எலிசபெத் பிளாக்பர்னுடன் சேர்ந்து, நாட்பட்ட நோயுள்ள குழந்தைகளைப் பராமரிக்கும் 39 தாய்மார்களையும் ஆரோக்கியமான குழந்தைகளைப் பெற்ற 19 பேரையும் பரிசோதித்தார். நம் உயிரணுக்களுக்குள் இருக்கும் குரோமோசோம்களின் நுனிகளில் டெலோமியர் என்ற காப்பு உண்டு. வயது ஏற ஏற அது தேய்ந்துகொண்டே வரும். அதிகபட்ச அழுத்தத்தை உணர்ந்த பெண்களுக்கு, குறைவாக உணர்ந்தவர்களைக் காட்டிலும், குறைந்தது பத்து ஆண்டு முதுமைக்குச் சமமான தேய்மானம் காணப்பட்டது. ஆனால் குழந்தைக்கு நோய் இருப்பதனால் மட்டும் தாய்க்குத் தேய்மானம் ஏற்பட்டுவிடவில்லை என்பதையும், எத்தனை ஆண்டுகளாகச் சுமக்கிறாள், அந்தச் சுமையை எவ்வளவாக உணர்கிறாள் என்பவற்றோடுதான் அது சேர்ந்து சென்றது என்பதையும் கவனிக்கவேண்டும். அப்படியானால் குறைக்கக்கூடிய ஏதோ ஒன்று இதில் இருக்கிறது.

குற்றம் சுமத்திய சாஸ்திரம்

நேரம் இல்லாமையோடு கூடப் பிறந்த மற்றொரு வேதனை, குற்ற உணர்ச்சி. கிரகணத்தின்போது வெளியே வந்தாள், கர்ப்பத்தில் கோபப்பட்டாள், பிள்ளையை ஆயாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள், செல்போனைக் கையில் கொடுத்தாள் என்று காரணம் கண்டுபிடிக்கும் உறவினர்கள் நம் ஊரில் மட்டும் இருக்கிறார்கள் என்று நினைத்து வெட்கப்பட வேண்டாம். மேல்நாட்டு விஞ்ஞானமே ஒரு காலத்தில் அந்த வேலையைப் பட்டங்களோடும் புத்தகங்களோடும் செய்திருக்கிறது. 1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் பதினொரு குழந்தைகளை விவரித்து ஆட்டிசத்தை வைத்திய உலகத்துக்கு அறிமுகப்படுத்திய சில ஆண்டுகளில், தாயின் மனம் குளிர்ந்துபோனதே இதற்குக் காரணம் என்ற சித்தாந்தம் கிளம்பிற்று. குளிர்சாதனப் பெட்டித் தாய் என்றே அவளுக்குப் பெயரிட்டார்கள். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய புத்தகம் இதை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது. பிள்ளையின் நிலையால் ஏற்கெனவே உருகிப்போயிருந்த ஒரு தலைமுறைத் தாய்மார்கள், உங்கள் அன்பின்மையே நோய்க்காரணம் என்ற தீர்ப்பையும் கேட்டுத் தலைகுனிந்து வீடு திரும்பினார்கள்.

அந்தச் சித்தாந்தத்தை ஆதாரங்களோடு உடைத்தெறிந்தவர், ஆட்டிசமுள்ள மகனைப் பெற்ற ஒரு தகப்பனார் என்பது எனக்கு மிகவும் பிடித்த சரித்திர நியாயம். அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராக உத்தியோகம் பார்த்துக்கொண்டே, கிடைத்த ஓய்வு நேரங்களில் கிடைத்த நூல்களையெல்லாம் படித்து, பெர்னார்டு ரிம்லாண்ட் 1964இல் ஒரு நூல் வெளியிட்டார். இது மூளையின் அமைப்பைச் சார்ந்தது, வளர்ப்பின் கோளாறு அன்று என்று அதில் நிலைநாட்டினார். கானரே அதற்கு முன்னுரை எழுதினார். இன்றைக்கு வைத்திய உலகம் பொதுவாகத் தாயைக் குற்றம் சொல்லுவதில்லை. ஆயினும், "நீ வேலையை விட்டுவிட்டுக் குழந்தையோடு இருந்தால் இன்னும் கொஞ்சம் முன்னேறியிருப்பானே" என்ற வாக்கியம், அந்தப் பழைய சித்தாந்தத்தின் பேரப்பிள்ளையாக, நல்ல வேஷத்தில் நம் வீடுகளுக்குள் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறது. தகப்பனைப் பார்த்து அந்த வாக்கியத்தை யாரும் சொல்லக் காணோம்.

உத்தியோகத்தை விட்டுவிடுகிற தாய்மார்களை நான் குறைசொல்லவில்லை. பலருக்கு வேறு வழியே இருப்பதில்லை. ஆனால் விடும்படி யோசனை சொல்லுகிறவர்கள் சம்பளத்தை மட்டும் கணக்கிட்டுவிட்டு நின்றுவிடுகிறார்கள். தெரபிக் கட்டணங்கள் மாதந்தோறும் வந்து நிற்பவை. சாதாரண மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை அவற்றை ஏற்பதில்லை. ஆகவே செலவு கூடுகிற தருணத்தில் வரவைப் பாதியாக்கும் யோசனை இது. அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. அலுவலகத்தில் அவள் இன்னாருடைய அம்மா அல்லள். தன் சொந்தப் பெயரால் அழைக்கப்படுகிறாள். அங்கே தொடங்கிய காரியம் முடிகிறது, முடிந்ததற்கு மதிப்பெண்போல ஏதோ ஒன்று கிடைக்கிறது, மதிய உணவை உட்கார்ந்து சாப்பிட முடிகிறது. வீட்டில் மாதக்கணக்கில் முயன்றும் ஒரு சொல் வெளிப்படாதபோது, இங்கே ஒரு கோப்பாவது மாலைக்குள் நகர்கிறதே என்ற அந்தச் சிறு திருப்தியை ஆடம்பரம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

சட்டம் எட்டும் தூரம்

அரசாங்க உத்தியோகம் என்றால் சில சௌகரியங்கள் எழுத்தில் இருக்கின்றன. மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்குப் பணிக்காலம் முழுவதிலும் 730 நாட்கள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. தனியாக வளர்க்கும் தகப்பனார்களுக்கும் 2018 முதல் இது நீட்டிக்கப்பட்டது. மற்றக் குழந்தைகளுக்குப் பதினெட்டு வயது வரம்பு. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு வரம்பே இல்லை. அத்தகைய குழந்தையைப் பராமரிக்கும் ஊழியரை வழக்கமான இடமாற்றங்களிலிருந்து விலக்கவேண்டும் என்று 2014இல் ஓர் உத்தரவும் வந்தது. தெரபிஸ்டையும் பள்ளியையும் பாட்டியையும் ஓர் ஊரில் அரும்பாடுபட்டுச் சேர்த்து வைத்திருக்கும் குடும்பத்துக்கு, இடமாற்றம் என்பது எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவது. அந்த உத்தரவின் அருமை அவர்களுக்குத்தான் தெரியும்.

மாநிலங்களின் கதை வேறு. இமாசலப் பிரதேசத்தில் அரசுக் கல்லூரியொன்றில் பூகோளம் கற்பிக்கும் பேராசிரியை ஒருவர், எலும்புகள் எளிதில் முறியும் பிறவி நோயுள்ள தம் மகனுக்குத் தொடர்ந்து அறுவைச் சிகிச்சைகள் செய்யவேண்டியிருந்ததால், தமக்குரிய விடுப்பையெல்லாம் தீர்த்துவிட்டு, குழந்தைப் பராமரிப்பு விடுப்புக் கேட்டார். மாநிலம் அந்த விதியை ஏற்றுக்கொள்ளவில்லை என்று மறுக்கப்பட்டது. உயர் நீதிமன்றமும் கைவிரித்தது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சந்திரசூட் அவர்களின் அமர்வு, பெண்கள் வேலைக்குப் போவது அவர்களுக்குக் காட்டப்படும் சலுகை அன்று, அரசியல் சாசனம் அளித்த உரிமை என்றும், இத்தகைய விடுப்பு இல்லாவிட்டால் தாய்மார்கள் வேலையை விட்டே போக நேரும் என்றும் கூறி, தலைமைச் செயலாளர் தலைமையில் ஒரு குழு அமைத்து இதைப் பரிசீலிக்கும்படி பணித்தது. குழந்தையின் எலும்போடும் அலுவலகத்தின் கோப்போடும் ஏககாலத்தில் போராடிய அந்த அம்மாள், டில்லி வரை வழக்கு நடத்தவும் எங்கிருந்து பொழுதைத் தேடினார் என்பதே எனக்கு ஆச்சரியம்.

தனியார் துறைக்கு வந்தால் சட்டத்தின் கை சட்டென்று குட்டையாகிவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்பிருந்த ஏழு வகைகளை இருபத்தொன்றாக விரித்து, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்ட பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அலுவலகத்தில் சௌகரியங்கள் கேட்கும் உரிமையை அது மாற்றுத்திறனாளியான ஊழியருக்கே தருகிறது. மாற்றுத்திறனாளியைப் பராமரிக்கும் ஊழியருக்கு அல்ல. சட்டப்படி ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும். அந்தக் காப்பகம் மகளின் வீல்சேரை ஏற்குமா, மகனின் அலறலைப் பொறுக்குமா என்ற கேள்வி எந்த விதியிலும் இல்லை. லண்டனில் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் செயலராக இருந்த தாய் ஒருவர், மாற்றுத்திறனாளியான மகனைக் காரணமாக்கித் தம்மை அவமதித்தார்கள், மற்றப் பெற்றோருக்குக் கொடுத்த நேர நெகிழ்ச்சியைத் தமக்கு மறுத்தார்கள் என்று வழக்குத் தொடுத்தபோது, ஐரோப்பிய நீதிமன்றம் 2008இல், மாற்றுத்திறனாளியோடு உறவு கொண்டிருப்பதற்காகக் காட்டப்படும் பாகுபாடும் பாகுபாடே என்று தீர்ப்பளித்தது. அந்தத் திசையில் நமது சட்டம் இன்னும் ஓர் அடி எடுத்து வைக்கவேண்டும்.

சட்டம் எட்டாத இடத்தில் மேலதிகாரியின் சுபாவம் ஆட்சி செய்கிறது. குழந்தையைப் பற்றி அலுவலகத்தில் சொல்லுவதா, மறைப்பதா என்பது இவர்கள் ஒவ்வொருவரும் தமக்குள் நடத்தும் நீண்ட விவாதம். சொன்னால் அனுதாபம் வரும்; அனுதாபத்தின் பின்னாலேயே, "அவருக்குப் பாவம் வீட்டில் கஷ்டம், இந்தப் பொறுப்பை வேறு யாருக்காவது கொடுக்கலாம்" என்ற கரிசனமும் வந்து, பதவி உயர்வு வழியிலேயே நின்றுவிடும். சொல்லாவிட்டால், செவ்வாய் மாலைகளில் மட்டும் தவறாமல் தலைவலி வரும் மர்மமான ஊழியராகப் பெயர் வாங்கவேண்டும். இதில் நான் கண்டவரை, குழந்தையின் நோய்ப்பெயரை விவரிக்காமல், தமக்கு வேண்டியதை மட்டும் வரையறுத்துக் கேட்டவர்களுக்கே ஓரளவு நல்ல பலன் கிடைத்திருக்கிறது. செவ்வாயும் வியாழனும் நாலரைக்குப் போகவேண்டும், இரவு எட்டரைக்குமேல் அந்த வேலையை முடித்துத் தந்துவிடுகிறேன் என்று எழுத்தில் கேட்பது, இரக்கம் கோருவதைவிட அதிகாரிக்கும் எளிது. 2020க்குப் பின் வந்த வீட்டிலிருந்தே வேலை என்னும் ஏற்பாடு பயண நேரத்தை மிச்சப்படுத்தியது உண்மை. அதே ஏற்பாடு, அலுவலகம் என்ற ஒரே தப்பிடத்தையும் சமையலறை வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டது என்பதும் உண்மை.

இவ்வளவும் மாதச் சம்பளக்காரரின் கதை. வீட்டு வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போகிற தாய்க்கு விடுப்பு என்ற சொல்லே அர்த்தமற்றது. போகாத நாளுக்குக் கூலி இல்லை, அவ்வளவுதான். கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்குத் தமிழக அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை அந்த வீட்டில் நிஜமாகவே அரிசியாகவும் மருந்தாகவும் மாறுகிறது. ஆனால் வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தையை யாரிடம் விடுவது என்ற கேள்விக்கு ரூபாய் பதில் சொல்லாது. ஆய்க்குடியில், முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுக் கழுத்துக்குக் கீழே இயக்கமிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற கிராமப் பெண்களைக் குழந்தையின் வீட்டுக்கே அனுப்பித் தெரபி கொடுக்கும் முறையை வளர்த்திருப்பது இக்காரணத்தாலேயே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி நகரத்துக்குப் போகும் ஒரு முழு நாளை, அது தாயிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

ஒன்றரை மணி நேரம்

இந்தியாவில் இக்குழந்தைகளுக்கென்று எழுந்த ஸ்தாபனங்களின் வரலாற்றைப் பார்த்தால், அஸ்திவாரத்தில் அடிக்கடி ஒரு தாய் நிற்கிறாள். செரிப்ரல் பால்சியோடு பிறந்த மகளுக்குப் பள்ளி கிடைக்காத மிதூ ஆலூர் 1972இல் பம்பாயில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியைத் தொடங்கினார். சென்னையில் பூனம் நடராஜன் 1985இல் கார் நிறுத்தும் கொட்டகையொன்றில் சில குழந்தைகளோடு ஆரம்பித்ததுதான், இன்று கோட்டூர்புரத்தில் இருக்கும் வித்யா சாகர். டில்லியில் மெரி பருவா 1991இல் ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் என்ற அமைப்பை ஏற்படுத்தினார். இவர்கள் வணக்கத்துக்குரியவர்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தன் குழந்தைக்குப் பள்ளி வேண்டுமென்றால் தாயே ஒரு பள்ளியைக் கட்டவேண்டும் என்ற நிர்ப்பந்தத்தை நாம் வீரக்கதையாக்கிக் கொண்டாடுவதில் எனக்குச் சிறிது சங்கடம் உண்டு. ஒவ்வொரு தாயும் ஸ்தாபகர் ஆக முடியாது. பலருக்கு ஓர் இரவு முழுத் தூக்கம் கிடைத்தாலே போதும்.

மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், தியானம் பழகுங்கள், உங்களுக்கென்று நேரம் ஒதுக்குங்கள் என்ற உபதேசங்களை நான் நெடுநாள் ஏளனமாகவே பார்த்து வந்தேன். அமெரிக்காவில் வாண்டர்பில்ட் சர்வகலாசாலையின் எலிசபெத் டைக்கன்ஸ் 2014இல் வெளியிட்ட பரிசோதனையைப் படித்தபின், ஏளனத்தைக் குறைத்துக்கொண்டேன், முற்றிலும் விடவில்லை. மாற்றுத்திறன் குழந்தைகளைப் பெற்ற 243 தாய்மார்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தியானமும் மூச்சுப் பயிற்சியும், மற்றொன்றுக்குக் குற்ற உணர்ச்சியையும் கவலையையும் கையாளும் சிந்தனைப் பயிற்சியும், வாரம் ஒன்றரை மணி நேரம் வீதம் ஆறு வாரங்கள் கொடுத்தார்கள். இரண்டு பிரிவிலும் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன, தூக்கம் சீர்ப்பட்டது, தியானப் பிரிவில் பலன் சற்றுக் கூடுதல். இதில் கவனிக்கத்தக்க அம்சம், கற்பித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், அதே நிலையிலிருந்து பயிற்சி பெற்ற தாய்மார்கள் என்பது. அனுபவஸ்தியின் வாயிலிருந்து வரும் யோசனைக்கும், குழந்தையை ஒரு நாளும் குளிப்பாட்டியறியாத பிரசங்கியின் யோசனைக்கும் கேட்கிற காதில் வித்தியாசம் தெரியும். மீதமிருக்கும் என் ஏளனத்துக்குக் காரணமும் அந்த ஆய்விலேயே இருக்கிறது: வாரத்தில் ஒன்றரை மணி நேரம் அந்தத் தாய் தன் குழந்தையிடமிருந்து எழுந்து போக வேண்டும். அந்த ஒன்றரை மணிக்குக் குழந்தையின் அருகே யார் உட்காருவது என்று ஏற்பாடு செய்யாத உபதேசம், பசித்தவனிடம் சமையற் குறிப்பைப் படித்துக் காட்டுவதோடு நின்றுவிடும்.

மருத்துவர் அல்லாதவர்கள் கற்பிப்பதற்கு நம் தேசத்திலும் அண்டை நாட்டிலுமே நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், பட்டம் பெற்ற தெரபிஸ்டுகளுக்குப் பதிலாக, பயிற்சி அளிக்கப்பட்ட சாதாரண சுகாதார ஊழியர்களே, ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதைக் காணொளியாக எடுத்து, அதைப் பெற்றோருக்கே காட்டி, எங்கே குழந்தை பேச்சை விரும்பி எதிர்நோக்குகிறது என்று சுட்டிக்காட்டிப் பழக்கினார்கள். அது பயன் தந்தது. உலக சுகாதார நிறுவனமும் ஒன்பது கூட்டங்களும் மூன்று வீட்டு வருகைகளும் கொண்ட ஒரு பெற்றோர் பயிற்சியைத் தயாரித்திருக்கிறது. கற்றுக்கொள்வது பெற்றோரில் ஒருவராகவே இருக்கவேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. தகப்பனாரும், தாத்தாவும், வேலைக்கு வரும் அக்காவும் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொண்ட ஒவ்வொருவரும் தாயிடம் சில மணிகளைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள்.

தகப்பனார்களைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டணம் கட்டுவதோடு தம் கடமை முடிந்ததென்று கருதுகிறவர்கள் குறைந்து வருகிறார்கள் என்றே நம்புகிறேன். ஆயினும், தெரபிஸ்டின் பெயர் என்ன, மருந்து எத்தனை மில்லி, எந்தச் சத்தத்துக்குக் குழந்தை காதைப் பொத்திக்கொள்ளும் என்று கேட்டால், "அவளைக் கேளுங்கள்" என்ற பதில் இன்னும் வருகிறது. வேலையைப் பகிர்ந்துகொள்ளுகிறவர்கள்கூட, நினைவில் வைத்திருக்கும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளுவதில்லை. தூங்கும்போதும் சுமக்கப்படுவது அந்தப் பாரம்தான்.

பதினெட்டுக்குப் பிறகு

பகலில் வேலைகளுக்கிடையே அமுங்கிக் கிடந்து, இரவில் எழுந்து உட்காரும் கேள்வி ஒன்று இவ்வீடுகளில் உண்டு. "எங்களுக்கு அப்புறம் யார்?" இதற்கு முழுமையான விடை யாரிடமும் இல்லை. ஆனால் விடையின் சில துண்டுகள் சட்டப் புத்தகத்தில் கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கிச் சேர்த்து வைத்தவர்களுக்கு, கேள்வியின் கூர்மை ஓரளவு மழுங்கியிருப்பதைக் கண்டிருக்கிறேன்.

நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு இருப்பதாகச் சான்றிதழ் பெற்றுவிட்டால், தனித்துவ அடையாள அட்டையிலிருந்து ரயில் கட்டணச் சலுகை வரை பல கதவுகள் திறக்கும். துணைக்குச் செல்லுகிறவருக்கும் ரயிலில் அதே சலுகை உண்டு. வருமான வரிச் சட்டத்தின் பழைய முறையில், இத்தகைய குழந்தையைப் பராமரிப்பதற்காக 75,000 ரூபாயும், எண்பது சதவீதமோ அதற்கு மேலோ ஆனால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ள இடமிருந்து வந்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட தேசிய அறக்கட்டளை, ஆட்டிசம், செரிப்ரல் பால்சி, அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நால்வகையினருக்கும், நிராமயா என்ற பெயரில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தருகிறது. வெளி நோயாளியாகப் பெறும் தெரபிச் செலவுக்கும் அதில் இடமுண்டு. பெற்றோர் சில காலம் ஊருக்குப் போகவோ, சிகிச்சை பெறவோ, வெறுமனே ஓய்வெடுக்கவோ குழந்தையைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் சமர்த் என்ற திட்டமும் அதனிடம் இருக்கிறது. இடங்கள்தான் தேவைக்கு முன்னால் மிகவும் சொற்பம்.

வருங்கால வைப்பு நிதியைச் சார்ந்த 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில், நிரந்தரமான முழு ஊனமுள்ள பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரம்பின்றி ஆயுள் முழுவதும் ஓய்வூதியம் செல்ல வழியிருக்கிறது என்பது, அதற்காகப் பணம் கட்டிவரும் தனியார் ஊழியர்களில் பலருக்கே தெரியாது. தெரியாததற்குக் காரணம் அசிரத்தை அன்று. இந்தப் படிவங்களையெல்லாம் படிக்கவேண்டிய அதே ஆள்தான் பட்டன் போடவும் பழக்கிக்கொண்டிருக்கிறாள்.

இவற்றுள் மிகவும் தள்ளிப்போடப்படுவது சட்டபூர்வ காப்பாளர் நியமனம். பதினெட்டு வயது நிறைந்த அன்று, பிள்ளையால் தன் பெயரை எழுத முடியாவிட்டாலும், சட்டத்தின் கண்ணில் அவன் மேஜர். தாயும் தகப்பனும் அவனுக்காகக் கையெழுத்திடும் இயல்பான உரிமை அத்துடன் முடிவடைகிறது. வங்கிக் கணக்கிலோ சொத்துப் பத்திரத்திலோ முட்டிக்கொண்ட பின்புதான் பல குடும்பங்களுக்கு இது தெரியவருகிறது. மாவட்ட ஆட்சியரின் தலைமையில் இயங்கும் உள்ளூர் அளவிலான குழுவுக்கு விண்ணப்பித்துக் காப்பாளர் உத்தரவைப் பெறவேண்டும். பெற்றோர் தங்களையே முதலில் நியமிக்கக் கோரலாம். தங்களுக்குப் பின் யார் என்பதையும் அப்போதே பேசிக்கொள்வது நல்லது.

அந்தப் பேச்சில்தான் இதுவரை நாம் கவனியாதிருந்த ஒருவர் மேடைக்கு வருகிறார்: அக்காவோ, தம்பியோ. சின்னஞ்சிறு வயதிலிருந்தே, "நீதான் அவனைப் பார்த்துக்கணும்" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்து, சம்மதம் கேட்கப்படாமலேயே சம்மதித்துவிட்ட பிள்ளை. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதும், வெளியூர் வேலையை மறுக்கும்போதும், கலியாணப் பேச்சு வரும்போதும், அந்தப் பிள்ளை மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். அதனிடம் நேராகக் கேட்கவேண்டும். முடியாது என்று சொல்லவும் உரிமை கொடுத்துக் கேட்கவேண்டும். சில வீடுகளில் உடன்பிறந்தவர் காப்பாளராக ஒப்புக்கொண்டு, அன்றாடப் பராமரிப்பைக் குழு இல்லம் ஒன்றிடம் ஒப்படைத்து, செலவுக்குப் பெற்றோர் ஒரு டிரஸ்ட் எழுதிவைக்கும் ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். முன்பு கைவிடுதல் என்று கருதப்பட்ட இந்த ஏற்பாட்டை, வளர்ந்த பிள்ளைக்குத் தனி வீடு அமைத்துக் கொடுப்பதாகவே இப்போதைய பெற்றோர் சிலர் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. விண்ணப்பத்தோடு பிறப்புச் சான்றிதழும், குறைபாட்டுச் சான்றிதழும், காப்பாளராக வருகிறவரின் சம்மதமும் சேர்த்து ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தால், குழு கூடி விசாரணைக்கு அழைக்கும். அழைப்பு வேலை நாளில்தான் வரும். அதற்கும் ஒரு நாள் விடுப்பு எழுதவேண்டும்.